பேசாதிருந்த பிள்ளை பாடிய பிள்ளைத்தமிழ்

மாணவச் செல்வியரே! நம் முத்துநகராம் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் வடகரையில் அமைந்திருக்கும் ஊர் ஸ்ரீவைகுண்டம். அவ்வூரைக் கடந்து, கொற்கைப் பக்கமாகப் பாய்ந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது அப்புண்ணிய நதி. அந்த ஆற்றங்கரையில் பிறந்து, ஐந்து வயது வரை ஒரு சொல்லும் பேசாதிருந்து, பின்னர்த் தமிழுலகம் முழுவதும் வியக்கும் வண்ணம் பாடிய ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே குமரகுருபரர்.

சைவ சமயம் போற்றும் துறவியாயினும், தமிழை நேசிப்போர் அனைவருக்கும் உரியவர் அவர். இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை எந்த மாதத்தில் தலை நிமிரும், எந்த மாதத்தில் கை கொட்டும், எந்த மாதத்தில் நடந்து வரும் என்பதை இன்று மருத்துவர்கள் அட்டவணை போட்டுக் குறித்து வைக்கிறார்கள். அதே வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடிய இலக்கியம் நம் பிள்ளைத்தமிழ். அவ்விலக்கியத்தில் தலைசிறந்ததெனப் புலவர்கள் கருதும் நூலைப் பாடியவரோ, பேச்சு வரும் பருவத்தில் பேச்சு வராமல் பெற்றோரைக் கலங்க வைத்த ஒரு குழந்தை! இந்த வியப்பை எண்ணிப் பார்ப்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் நன்மை தரும் என்று நம்புகிறோம்.

பிறப்பும் பெற்றோரின் கவலையும்

குமரகுருபரர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டு. அவர் 1625இல் பிறந்தார் என்பர். தந்தையார் சண்முகசிகாமணிக் கவிராயர்; தாயார் சிவகாமசுந்தரி அம்மையார். அப்போது மதுரையில் நாயக்க மன்னர் ஆட்சி நடந்தது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் செல்வாக்குடன் இருந்தனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. இத்தகைய மாற்றங்கள் நிறைந்த காலத்தில்தான் இக்குழந்தை வளர்ந்தது.

கவிராயர் வீட்டில் தமிழுக்குப் பஞ்சமில்லை. பாட்டும் உரையும் நாள்தோறும் ஒலிக்கும் இல்லம் அது. ஆனால் அவ்வீட்டுச் செல்வமகனுக்கு வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழிந்தது, ஈராண்டு கழிந்தது, மற்றப் பிள்ளைகள் மழலை பேசித் தெருவில் ஓடியாடும்போது, இப்பிள்ளை பேசாமலே இருந்தது. நாவால் வாழும் புலவருக்கு இதைவிடப் பெருந்துயர் வேறு என்ன இருக்க முடியும்? தாயின் மனம் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

குழந்தைக்கு ஐந்து வயதானபோது, பெற்றோர் அதனை அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் சென்றனர். கடலோரத்து முருகன் கோயிலில் ஒரு மண்டலம் விரதமிருந்தனர். அங்கே குழந்தைக்குப் பேச்சு வந்தது என்றும், அப்போதே கந்தர் கலிவெண்பா என்னும் நூலைப் பாடினார் என்றும் மரபு வரலாறு கூறுகிறது. அந்நூல் இன்றும் பாராயணம் செய்யப்படுகிறது. பின்னாளில் எந்த இடத்தில் அவருடைய வாக்குத் தடைப்படுகிறதோ அங்கிருப்பவரே அவருக்குக் குரு என்றும் அப்போது அருள்வாக்குக் கிடைத்ததாக அவ்வரலாறு சொல்லும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

மதுரையில் அரங்கேற்றம்

வளர்ந்து கல்வியில் தேர்ந்த குமரகுருபரர் மதுரைக்குச் சென்றார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் காலம் அது. அங்கேதான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பிறந்தது. மன்னர் முன்னிலையில் நூல் அரங்கேறியது. அவ்வேளையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி முத்து விளையும் நம் கடற்கரைக்கு மிகவும் பொருத்தமானது.

பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் என்று ஒரு பகுதி உண்டு. குழந்தையிடம் முத்தம் கேட்டுப் பாடுவது அது. முத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் புலவர்களுக்கு முத்தும் நினைவுக்கு வந்துவிடும். சங்கில் பிறந்த முத்து, கரும்பில் பிறந்த முத்து, மூங்கிலில் பிறந்த முத்து என்று அடுக்கிச் சொல்லி, இவற்றுக்கெல்லாம் விலை உண்டு, குழந்தையின் வாய் முத்தத்துக்கோ விலையே இல்லை என்று பாடுவது மரபு. திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடிய பகழிக்கூத்தரும் நம் கடல் அலைகள் கரையில் எறியும் முத்துகளைக் காட்டி இப்படித்தான் பாடினார். குமரகுருபரர் மதுரையில் முத்தப் பருவத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கோயில் அர்ச்சகரின் சிறுமகள் போன்ற உருவில் ஒரு குழந்தை வந்து மன்னர் மடியில் அமர்ந்ததாம். மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டு மறைந்ததாம். மீனாட்சியே வந்தாள் என்று அடியார்கள் நம்புகின்றனர். அது எவ்வாறாயினும், ஒரு காலத்தில் வாய் பேசாதிருந்தவருடைய சொல்லுக்கு முத்துமாலை பரிசாயிற்று என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

மன்னரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் பாடியதே நீதிநெறி விளக்கம். நம் முன்னோர் பலர் பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்த நூல் அது. மதுரைக் கலம்பகம் முதலிய வேறு நூல்களையும் அவர் இயற்றினார்.

பத்துப் பருவங்கள்

இனி, பிள்ளைத்தமிழ் என்பது யாதெனச் சிறிது பார்ப்போம். குழந்தையைப் பாடும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியமே அதற்கு இடம் தருகிறது. பெரியாழ்வார் தம்மைத் தாயாகப் பாவித்துக் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன் மீது பாடியது முழுமையான பிள்ளைத்தமிழ் நூல். பிற்காலத்தில் இயேசு பெருமான் மீதும் நபிகள் நாயகம் மீதும் கூடப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடினர். எந்தச் சமயத்தவராயினும் குழந்தைமுன் எல்லாரும் ஒருவரே அன்றோ!

பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் பத்துப் பருவங்களை வைத்துப் பாடலாம் என்கின்றன. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறிது வேறுபாடு உண்டு.

முதலாவது காப்பு. பச்சிளங் குழந்தையைத் தெய்வங்கள் காக்குமாறு வேண்டுவது. இரண்டாவது செங்கீரை. குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் ஐந்தாம் மாதத்துப் பருவம் இது. மூன்றாவது தால். தால் என்றால் நாக்கு. நாவசைத்துத் தாலாட்டும் பருவம், ஏழாம் மாதம். நான்காவது சப்பாணி. உட்கார்ந்து இரு கைகளையும் கொட்டுதல், ஒன்பதாம் மாதம். ஐந்தாவது முத்தம்; பதினோராம் மாதம். ஆறாவது வருகை. தளர்நடை நடந்து தாயிடம் வருதல். ஏறத்தாழ ஓராண்டு நிறையும் காலம். ஏழாவது அம்புலி. நிலவைக் காட்டி, குழந்தையோடு விளையாட வா என்று அழைத்தல்.

இவ்வேழும் ஆண், பெண் இருபாலருக்கும் பொது. ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன எஞ்சிய மூன்று. பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன. குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பெண்பால் பிள்ளைத்தமிழும், வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஆண்பால் பிள்ளைத்தமிழும் பாடினார். ஆக, இருவகைக் குழந்தைகளையும் உற்றுப் பார்த்துப் பாடிய துறவி அவர்.

மருத்துவ அட்டவணையும் தமிழ் அட்டவணையும்

இன்றைய குழந்தை மருத்துவம் கூறுவதை இத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாத அளவில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். நான்கு மாத அளவில் தலை ஆடாமல் நிற்கும். ஆறு மாத அளவில் குப்புறப் படுக்க வைத்தால் கைகளை நேராக ஊன்றி மார்பை உயர்த்தும். செங்கீரை நினைவுக்கு வருகிறதல்லவா? ஒன்பது மாத அளவில் பிடிப்பின்றி உட்காரும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். மம்மம்மா, பப்பப்பா என்று ஒலியை அடுக்கும். தாலும் சப்பாணியும் இவைதாமே! ஓராண்டில் டாட்டா காட்டும். அம்மா, அப்பா என்று அழைக்கத் தொடங்கும். ஒன்றரை ஆண்டில் தனக்குப் பிடித்த ஒன்றை நமக்கும் காட்ட விரலை நீட்டும். மூன்று சொற்களுக்குக் குறையாமல் சொல்ல முயலும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசும்.

அம்புலிப் பருவத்தை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். தாய் நிலவைக் காட்டுகிறாள்; குழந்தை தாயின் விரலைப் பாராமல், விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறது; பிறகு தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. இருவர் சேர்ந்து ஒரே பொருளில் மனம் வைக்கும் இத்திறன்தான் பேச்சுக்கு அடிப்படை என்று இக்கால அறிஞர்கள் கூறுகின்றனர். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லை என்றால் மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான். நிலாச் சோறு ஊட்டிய நம் பாட்டிமார்கள், தாம் அறியாமலே இப்பரிசோதனையை நாள்தோறும் நடத்தி வந்தார்கள்!

ஆனால் மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மனம் நோகவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் நல்ல நலத்தோடு வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிப்பின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள்ளும், தனியே நடப்பது 8 மாதம் முதல் 17 மாதத்தைச் சற்றுக் கடந்தும் நிகழலாம் என்று அதில் கண்டனர். ஒரு குழந்தை பத்து மாதத்தில் நடக்கும். இன்னொன்று பதினைந்து மாதத்தில் நடக்கும். இரண்டும் நல்ல குழந்தைகளே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும்.

காத்திருப்பதா, கவனிப்பதா?

இங்கேதான் குமரகுருபரர் வரலாறு நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ஒரு குழந்தைக்கு இரண்டு, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், நம் பக்கத்து மூத்தோர் சிலர் ஆறுதலாகச் சொல்வது உண்டு: குமரகுருபரரே ஐந்து வயதில்தான் பேசினார், பொறுத்திருங்கள், தானாக வரும் என்று. அன்பினால் சொல்லும் சொல்தான். ஆயினும் அவ்வரலாற்றை அவர்கள் பாதி மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய பெற்றோர் சும்மா காத்திருக்கவில்லை. குறையை மறைக்கவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று குழந்தையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. எங்கே போனால் வழி பிறக்கும் என்று தங்கள் காலத்தில் அறிந்திருந்தார்களோ, அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போனதோடு நில்லாமல் ஒரு மண்டலம் உடனிருந்தார்கள். அன்று அவர்கள் அறிந்த வழி அது ஒன்றே. நமக்கோ மன்றாட்டும் உண்டு, மருத்துவமும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருத்துவரின் அறிவும் இறைவன் அளித்த கொடையே.

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது வாயை அன்று, காதை. காது கேளாத குழந்தைக்கும் முதல் சில மாதங்களில் மழலை ஒலி வரும். கேட்டுத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அது பின்னர்க் குறையத் தொடங்கும். கதவு படாரென்று அடித்தும் திடுக்கிடாத குழந்தை, பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை, முன்பு சொன்ன சொற்களை மறந்துவிட்ட குழந்தை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் காது கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் கிடைத்தால் பெரும்பயன் உண்டு. காலம் கடந்தால் அதே பயிற்சிக்குப் பலன் குறைகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியில், அந்த ஐந்தையும் இன்னும் முன்னே தள்ளிவைத்துவிட்டது இக்கால மருத்துவம்.

உதவி தொலைவில் இல்லை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் கடற்கரை ஊர்களிலும் இருக்கின்றன. 1991இல் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தார் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக 17 செயல்களைக் கொண்ட ஓர் எளிய அட்டவணையை வெளியிட்டனர். ஒரு பென்சிலை அல்லது கோலை அட்டவணையின் மேல் குழந்தையின் வயதுக்கு நேராக வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களையெல்லாம் குழந்தை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். 2013 முதல் நடுவண் அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். குறை கண்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகின்றனர். செவிக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையும் நம் மாநிலத்தில் சிறு குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டின் மூலம் செய்யப்படுகிறது.

மௌனம் கற்பித்த குரு

மீண்டும் குமரகுருபரரிடம் வருவோம். மதுரையிலிருந்து புறப்பட்ட அவர் சோழநாட்டுத் தருமபுர ஆதீனத்தை அடைந்தார். அப்போது அங்கே நான்காவது குருவாக எழுந்தருளியிருந்தவர் மாசிலாமணி தேசிகர். அவர் பெரியபுராணத்துப் பாடல் ஒன்றைக் குறித்து, அதன் அனுபவப் பொருள் யாது என்று வினவினார். எதற்கும் தடையின்றி விடை சொல்லும் புலவருக்கு அங்கே பேச்சு எழவில்லை. திருச்செந்தூரில் கேட்ட வாக்கு நினைவுக்கு வந்தது. அவரையே குருவாகப் பணிந்தார். தம் குரு மீது பண்டார மும்மணிக்கோவை பாடினார். வாய் திறந்ததால் புலவரானவர், வாய் அடங்கியதால் சீடரானார்.

பின்பு காசிக்குச் சென்றார். அங்கே மடம் நிறுவ முகலாய ஆட்சியாளரிடம் இடம் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் பேசிய இந்துஸ்தானி மொழி இவருக்குத் தெரியாது. இவ்வாறு மறுபடியும் பேச்சற்றவராக நின்ற நிலையில், கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி, அம்மொழியைக் கற்றுத் தேர்ந்தார் என்பது வரலாறு. ஐந்து வயதில் முடியாததை அடைந்தவர், முதிர்ந்த பருவத்திலும் புதுமொழி கற்கத் தயங்கவில்லை. ஆங்கிலமோ இந்தியோ வரவில்லை என்று சோர்ந்துபோகும் மாணவியர் இதனை மனத்தில் கொள்வார்களாக.

காசியில் கேதார கட்டத்தில் மடம் அமைத்து, தென்னாட்டிலிருந்து வருவோருக்கு ஆதரவாக விளங்கி, 1688இல் அவ்வூரிலேயே இறைவனடி சேர்ந்தார். அவர் வழிவந்தோர் அமைத்ததே தஞ்சைத் தரணியின் திருப்பனந்தாள் காசிமடம். அவருடைய நூல்களைத் திரட்டி, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார். பிறந்த ஊரான ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயரால் ஒரு கலைக் கல்லூரி இன்றும் கல்விப்பணி ஆற்றுகிறது.

நம் கடமை

அன்பு மாணவியரே! உங்களில் பலர் வீட்டில் தம்பி தங்கையரை இடுப்பில் தூக்கி வளர்ப்பவர்கள். அப்பா கடலுக்குப் போய், அம்மா கருவாட்டுச் சந்தைக்கோ உப்பளத்துக்கோ போன பிறகு, குழந்தை முதன்முதல் எழுந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் நீங்களே. முதற்சொல்லைக் கேட்பவர்களும் நீங்களே. ஆகவே கவனியுங்கள். எந்த மாதம் கை கொட்டிற்று, எந்த மாதம் நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தடுப்பூசி போடச் செல்லும்போது அந்த நோட்டும் அம்மாவோடு போகட்டும். ஏதேனும் ஐயம் தோன்றினால் பெற்றோரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பெற்றோரும், சின்னப்பெண் சொல்கிறாள் என்று தள்ளிவிடாமல் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

பேச்சு வராத குழந்தை அறிவற்ற குழந்தை என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். தாமதமாகப் பேசிய எல்லாரும் புலவராவதில்லை. பேச்சே வராமல் சைகையால் பேசி வாழ்வோரும் நம்மிடையே உண்டு. அவர்களும் இறைவனின் பிள்ளைகளே, நம் அன்புக்கும் கல்விக்கும் முழு உரிமை உடையவர்களே. நம் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் முத்துக்குளித்த நம் முன்னோர் ஒன்றை அறிந்திருந்தனர்: வாய் மூடிக் கிடக்கிறது என்பதற்காக எந்தச் சிப்பியையும் அவர்கள் வெறுஞ்சிப்பி என்று எறிந்துவிடவில்லை. பேசாத பிள்ளையிடமும் நாம் அவ்வாறே நடந்துகொள்வோமாக.